திரும்பிப் போன கார்டு

பி.எஸ்ஸி. முடித்து மூன்று வருடமாகியும் எனக்கு வேலை இல்லை. எங்கள் ஊர் வரிச்சிக்குடியில் எதிரே வருபவர்கள் எல்லாம், "இன்னும் வேலை கெடைக்கலயா?" என்பார்கள். பொறுக்க முடியாமல், காரைக்காலில் வேலை கிடைத்துவிட்டதாக வீட்டிலேயே பொய் சொன்னேன். தினமும் டிபன் பாக்ஸோடு பஸ் ஏறிப் போய், காரைக்கால்மேட்டுக் கடற்கரையில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருப்பேன்.

மூன்றாவது வாரம் ஒருநாள் வீடு திரும்பியதும் அம்மா சொன்னாள்: "வேலைவாய்ப்பு ஆபீஸ்லேர்ந்து ஒனக்கு இன்டர்வியூ கார்டு வந்துச்சுப்பா. எம்புள்ளதான் வேலைக்குப் போறானே, வேலை இல்லாத புள்ள யாருக்காவது கெடைக்கட்டும்னு தபால்காரர்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன்."

அவள் முகத்தில் அப்படியொரு பெருமை.

"நல்லதும்மா" என்றேன்.

மறுநாளும் அவள் கட்டிக்கொடுத்த சோற்றோடு அதே பஸ்ஸில் ஏறினேன். ஊர் கேட்பதை நிறுத்தியிருந்தது. அதற்குப் பிறகு எனக்குக் கார்டு எதுவும் வரவில்லை. அம்மாவிடம் உண்மையைச் சொல்லக் கடைசிவரை எனக்குத் தைரியமும் வரவில்லை.