விளக்கு வைத்த பிறகு கேட்ட சத்தம்

அடுத்த குடித்தனத்து மருமகள் ஒருத்தி, தான் செய்யாத ஒன்றுக்காகப் பிறந்த வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். தீபாவளி தாண்டும்வரை யாரும் அவளைத் திரும்ப அழைக்கவில்லை. காரணம் நான். தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம். ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டின் பாதியில் நாங்கள் குடியிருந்தோம். கணிதத்தில் பட்டம் பெற்று நான் பொன்மலை ரயில்வே பட்டறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். அங்கே ஆங்கிலோ-இந்திய ரயில்காரர்களின் கிளப்பில் சனிக்கிழமைகளில் நடனம் உண்டு. பியானோ, சாக்ஸபோன், ஸ்நேர் என்கிற சின்ன டிரம். டிரம் வாசித்தவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியதும், மேஜையில் தாளம் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்த என்னை அவருடைய நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள்.

குச்சிகளால் அடிக்கச் சீக்கிரம் வந்துவிட்டது. பிரஷ் வரவில்லை. கைப்பிடியிலிருந்து விசிறிபோல் விரியும் மெல்லிய கம்பிகள் அவை. மெதுவான பாட்டுகளுக்கு இடது கைப் பிரஷ் தோலை விட்டு எழாமல் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வலது கை அதன் நடுவே மெல்லத் தட்டும். என் இடது கை ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் தயங்கியது. அங்கே ஆடுகிறவர்களின் காலும் தயங்கியது. அதனால் டிரம்மைப் போர்வையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அப்பா கோயில் கோஷ்டியில் பிரபந்தம் சேவிப்பவர். ஆணும் பெண்ணும் தோளில் கைபோட்டு ஆடும் இடத்தில் கன்றுத்தோல் வாத்தியம் வாசிக்கிறேன் என்று அவரிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. மாலையில் விளக்கேற்றிவிட்டு அம்மாவும் அவருக்குப் பின்னால் சேவைக்குப் போய்விடுவாள். வீடு காலியாக இருக்கும் அந்த நேரத்தில் உள்ளறையில் உட்கார்ந்து வாசிப்பேன்.

எங்களுக்கும் அடுத்த குடித்தனத்துக்கும் நடுவில் இருந்த சுவர் ஓடுவரை எட்டாது. அந்தப் பக்கம் ஒரு மாமி, மலைக்கோட்டைக் கடைவீதியில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்த அவர் மகன், முசிறியிலிருந்து புதிதாக வந்த மருமகள். மாமிக்கு இரண்டு கண்ணிலும் புரை. எதையும் காதால்தான் கண்டுபிடிப்பார்.

ஒரு நாள் அவர் குரல் கேட்டது. "விளக்கு வெச்சப்பறம் பெருக்காதேன்னு எத்தனை தரம்டி சொல்றது? லக்ஷ்மியை வாசல்ல தள்ளிண்டிருக்கே."

"நான் பெருக்கலைம்மா. அடுப்பண்டைதான் இருக்கேன்."

"எனக்குக் கண்தான் அவிஞ்சிருக்கு. காது அவியலை."

"சத்தம் அடுத்தாத்துலேர்ந்து வரதும்மா."

மாமி சுவருக்கு அருகே வந்து கேட்டார். "ஏண்டாப்பா, உங்காத்துல யாராவது பெருக்கறாளா?"

"இல்லை மாமி. நான் படிச்சிண்டிருக்கேன்."

யாரும் பெருக்கவில்லை என்பது உண்மைதானே என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தச் சனிக்கிழமை கிளப்பில் இதை வேடிக்கையாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். சாக்ஸபோன் வாசிப்பவர் மட்டும், "பாவம் மேன் அந்தப் பொண்ணு. நீ போய்ச் சொல்லிட்டியா?" என்றார். நான் பேச்சை மாற்றினேன்.

பிறகும் வாசித்தேன். அவள் திட்டு வாங்குவதும் தொடர்ந்தது. ஆனி முடிவதற்குள் கடையில் ஆள் குறைத்தபோது மகனுக்கு வேலை போயிற்று. வீட்டு லக்ஷ்மி போய்விட்டாள் என்று மாமி தீர்மானித்துவிட்டார். ஆடி பிறந்ததும், புதுப்பெண்கள் எல்லோரும் போவதுபோல அவளும் பிறந்தகம் போனாள். ஆவணி வந்தது, அழைத்துவர யாரும் போகவில்லை.

அவள் போன அன்றே நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். தொடர்ந்தால் நான் மாட்டிக்கொள்வேன். ஆனால் நிறுத்தியது அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. மாமி எங்கள் அம்மாவிடம் சொன்னார்: "பாத்தேளா, அவ போனாள், சத்தமும் போச்சு. பொய் வேற சொன்னாளே." நான் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டேன்.

அது அவர்களுக்குத் தலை தீபாவளி. முறைப்படி மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்கு, முசிறிக்குப் போயிருக்க வேண்டும்; போகவில்லை. விடியற்காலையில் கிணற்றடிக்குப் போனபோது, தலையில் எண்ணெயோடு அவன் தனியாகத் துவைகல்லில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். அந்த முகத்தை என்னால் தாங்க முடியவில்லை.

அன்று விளக்கு வைத்ததும் டிரம்மை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். மாமிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து பிரஷ்ஷால் தேய்த்தேன். அவர் சட்டென்று நிமிர்ந்தார். கையை நீட்டித் தோலையும் கம்பிகளையும் தடவிப் பார்த்தார்.

"இதுவா?"

"இதுதான் மாமி."

"இத்தனை மாசமா வாயில என்னடா வெச்சிண்டிருந்தே?"

நான் பிரஷ்ஷைக் கீழே வைத்தேன். மகன் எழுந்து உள்ளே போய்விட்டான்.

முசிறிக்கு மாமியே வந்தார். மகனும் நானும் கூட. டிரம்மையும் கொண்டுவரச் சொன்னார். சம்பந்தி நம்ப வேண்டுமே. பஸ்ஸில் கண்டக்டர், "சாமி, போர்வைக்குள்ள என்ன, கைக்குழந்தையா? டிக்கெட் வேண்டாம், மடியில வச்சுக்குங்க" என்றார்.

அங்கே வாசித்துக் காட்டினேன். அவள் கதவருகே நின்று கேட்டாள். மாமி, "தப்பு என்னுதுடிம்மா, வந்துடு" என்றார்.

"உங்களுக்குக் கண் தெரியாதும்மா, உங்களைச் சொல்லி என்ன?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "நான் சுவரண்டை நின்னு சத்தமாத்தான் சொன்னேன். உங்க காதுல விழணும்னு."

விழுந்தது என்றேன். மன்னித்துக்கொள்ளச் சொன்னேன். அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "வரேன். ஆனா இவர் தினமும் அதே நேரத்துக்கு வாசிக்கணும். அப்போ நான் அம்மா பக்கத்துல உக்காந்திண்டிருப்பேன்" என்றாள்.

விஷயம் தெரிந்து அப்பா வெகுநாள் என்னோடு பேசவில்லை. வாசிக்காதே என்றும் சொல்லவில்லை. மாலைகளில் நான் பிரஷ்ஷை எடுத்ததும் மாமி அங்கிருந்து கேட்பார்: "இன்னிக்கு எங்கடா பெருக்கறே, கூடமா, உள்ளா?" அவளும் ஒரு முறையாவது சிரிப்பாளா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். சிரித்ததில்லை. அடுத்த வருஷம் மகனுக்கு வெளியூரில் வேலை கிடைத்துக் காலிசெய்து போகும்வரை அவள் என்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஆனால் என் பிரஷ் தேய்க்கும்வரை அவள் மாமியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். சத்தம் நின்றால்தான் எழுந்து சமையலுக்குப் போவாள். அது புரிந்ததிலிருந்து, அவள் இன்னும் சற்று உட்காரட்டும் என்று நான் மெதுவான, நீளமான பாட்டுகளாகவே எடுத்துக்கொண்டேன். இடது கை தயங்குவது எப்போது நின்றதென்று எனக்குத் தெரியாது.