ஜெயசீலி குறுக்கே திருப்பிய அழைப்பிதழ்

காலையில் கே.ஜி.கண்டிகை நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். அன்றைக்குக் கிருத்திகை. வருகிற பஸ்ஸெல்லாம் காவடியும் கூட்டமுமாக நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. டிரைவர்களை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எங்கள் பள்ளி அலுவலக உதவியாளர் தேவராஜ் பேசினார். “டீச்சர், ஜெயசீலி டீச்சர் பூட்டாங்க” என்றார். “எங்கே?” என்று கேட்டேன். அந்த மனுஷன் அழ ஆரம்பித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அடுத்து வந்த பஸ் என் எதிரிலேயே நின்றது, ஆட்கள் ஏறினார்கள், அது கிளம்பியும் போனது. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

இதைப் படிக்கும் உங்களில் பாதிப்பேர் ஜெயசீலியிடம் கம்ப்யூட்டர் படித்தவர்கள். மீதிப்பேர் எங்களோடு ஒரே ஆசிரியர் அறையில் உட்கார்ந்து ஒரே டப்பாவிலிருந்து எலுமிச்சை சாதம் பிடுங்கித் தின்றவர்கள். அவருடைய நல்ல குணங்களை வரிசையாகச் சொல்லும் வேலையை இரங்கல் கூட்டத்தில் தலைமை ஆசிரியர் பார்த்துக்கொண்டார். எனக்கு அது வராது. எனக்குத் தெரிந்த ஜெயசீலியைச் சொல்கிறேன்.

அவர் எங்கள் பள்ளிக்கு மாற்றலாகி வந்த வருஷம் எனக்கும் கம்ப்யூட்டருக்கும் ஏழாம் பொருத்தம். தேர்வுப் பணி அட்டவணை போடுவது என் பொறுப்பு. அதுவரை பெரிய தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கையால் எழுதி ஒட்டுவேன். இனிமேல் டைப் செய்துதான் ஒட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. தமிழ் தட்டத் தெரியும் என்ற தைரியத்தில் நானே உட்கார்ந்து அடித்தேன். தேதிக்கு ஒரு கட்டம் என்று அடுக்கிக்கொண்டே போனதில் கட்டமெல்லாம் சுருங்கி, பெயர்கள் உடைந்து, எழுத்துக்குக் கீழே எழுத்தாகத் தொங்கின. சுந்தரமூர்த்தி சார் தன் பெயரை மேலிருந்து கீழாகப் படித்துவிட்டு, “என்னைக் கிணத்துல எறக்கிட்டீங்களே டீச்சர்” என்றார். அறையே சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

ஜெயசீலி சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். “உங்க அட்டவணை நல்லாத்தான் இருக்கு. பேப்பர்தான் நின்னுகினு இருக்கு. அதைப் படுக்க வைங்க” என்றார். மேலே லேஅவுட், அதற்குள் ஓரியன்டேஷன், அதற்குள் லேண்ட்ஸ்கேப். என் கையாலேயே அழுத்தச் சொன்னார். பக்கம் குறுக்கே திரும்பிக்கொண்டது. அப்படியே கட்டங்களை அகலத்துக்கு இழுத்துவிட்டதும் சுந்தரமூர்த்தி சார் கிணற்றிலிருந்து மேலே வந்தார். “இவ்வளவுதானா?” என்றேன். “ஆங், இவ்வளவுதான். ஆனா அடிக்கறதுக்கு முன்னாடியே இதைச் செஞ்சுடணும். வூடு கட்டிட்டு வாசலைத் திருப்ப முடியாதில்ல” என்றார். அன்றிலிருந்து எனக்கு அவர் சிநேகிதி.

அவர் வகுப்பை நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். லேபில் வேலை செய்கிற கம்ப்யூட்டர்களைவிட வேலை செய்யாதவை அதிகம். அதனால் பிள்ளைகள் நோட்டையே நிமிர்த்தியும் சாய்த்தும் பிடித்துக்கொள்ள வேண்டும். கடிதம் என்பார், நோட்டு நிற்கும். மார்க் பட்டியல் என்பார், நோட்டு படுக்கும். கல்யாணப் பத்திரிகை என்று ஒருநாள் கேட்டார். பாதி வகுப்பு நிமிர்த்தியது, பாதி வகுப்பு சாய்த்தது. “ரெண்டும் சரி. வாங்கிப் படிக்கறவங்க யாருன்னு பார்த்துட்டு முடிவு பண்ணு” என்றார். தாளைப் பற்றிய பாடத்தில் அவர் எப்போதும் ஆட்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு மெதுவாகத்தான் பிடிபட்டது.

சிறுநீரகம் கெட்டுவிட்டது என்ற செய்தியை அவர் ஆண்டறிக்கை தயாரிக்கும்போது என்னிடம் சொன்னார். அறிக்கையின் நடுவில் ஒரு அகலமான பட்டியல் வந்தது. அந்த ஒரு பக்கத்தைக் குறுக்காக்கப் போய் நான் மொத்த அறிக்கையையும் குறுக்காக்கி வைத்திருந்தேன். தலைமை ஆசிரியரின் முன்னுரைகூடப் படுத்துக் கிடந்தது. ஜெயசீலி அந்தப் பக்கத்துக்கு முன்னால் ஒரு செக்‌ஷன் பிரேக், பின்னால் ஒரு செக்‌ஷன் பிரேக் போட்டார். “முன்னாடியும் பின்னாடியும் வேலி போட்டுட்டா அது மட்டும் திரும்பும். மத்ததெல்லாம் தன்பாட்டுக்கு நிக்கும்” என்றார். திரையைப் பார்த்துக்கொண்டே, அதே குரலில், “எனக்கு வாரத்துல சில நாள் வேலூர் போவணும் டீச்சர். டயாலிசிஸ். ஸ்கூல்ல யாருக்கும் சொல்லிடாதீங்க” என்றார். நான் அழுதேன். அவர் அறிக்கையை பிரின்ட் கொடுத்தார்.

நோயைச் சுற்றியும் அப்படித்தான் வேலி போட்டுக்கொண்டார். வேலூர் போன நாளுக்கு மறுநாள் புடவை மடிப்புக் கலையாமல் முதல் மணிக்கு வந்து நிற்பார். ஆனால் அவருக்குள்ளே ஒரே ஒரு பயம் இருந்தது, அதற்கு மட்டும் அவரால் வேலி போட முடியவில்லை. கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரே மகள் பியூலா. “எனக்கப்புறம் இவளுக்கு அம்மான்னு ஒருத்தி வேணும். அது மட்டும் அமைஞ்சுட்டா போதும்” என்பார்.

பியூலா விரும்பியது அம்மையார்குப்பத்து முரளியை. விசைத்தறி வைத்திருக்கும் குடும்பம். வீட்டில் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார்கள். குலதெய்வத்துக்கு அடுத்தபடி திருத்தணி முருகன்தான் எல்லாம். ஜெயசீலியின் குடும்பமோ அவருடைய பாட்டனாருக்கும் பாட்டனார் காலத்திலிருந்து மிஷன் சர்ச்சைச் சேர்ந்தது. முரளியின் அம்மா நாகம்மா பிள்ளையின் பிடிவாதத்துக்காகச் சம்மதித்தாரே தவிர, முகம் கொடுத்துப் பேசவில்லை. பெண் பார்க்கக்கூட அவர் வரவில்லை, கணவரையும் தம்பியையும் அனுப்பிவிட்டு வீட்டோடு இருந்துகொண்டார். ஜெயசீலிக்கு இருந்த பயம் இப்போது இரட்டிப்பானது.

பத்திரிகையில் வந்து நின்றது பிரச்சினை. நம் ஊரில் பத்திரிகை கையில் வந்ததும் முதலில் பார்ப்பது தலைப்பில் எந்தச் சாமி என்றுதான். நாள், நேரமெல்லாம் அப்புறம். வாசகம் எழுதித் தர ஜெயசீலி என்னையும் அம்மையார்குப்பத்துக்கு அழைத்துப் போனார். மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு நான் சொல்லச் சொல்ல அடித்தார். மேலே பைபிள் வசனம், அதற்குக் கீழே முருகன் துணை. நாகம்மா எட்டிப் பார்த்தார்.

“எங்க சாமி கீழயா?”

ஜெயசீலி மேலும் கீழும் மாற்றினார். படம் பிடித்துத் தன் அண்ணனுக்கு அனுப்பினார். அண்ணன் உடனே போன் செய்தார். “வசனத்தைக் கீழ போட்டுட்டு என் பேரை எதுக்குப் போடற? எடுத்துடு. நான் வரல” என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது. இரண்டையும் ஒரே வரியில் போட்டுப் பார்த்தோம். வசனம் நெருக்கடியில் துண்டு துண்டானது. உள்ளே தறிகள் இரைந்துகொண்டிருந்தன. முரளியின் நைனா எழுந்து வெளியே போய்விட்டார். “இது ஒத்து வராதுன்னு அன்னிக்கே சொன்னேனே” என்றார் நாகம்மா. பியூலாவின் கல்யாணம் அந்த நிமிஷம் அறுந்து விழும் நிலையில் இருந்தது என்று நான் சொன்னால் மிகையில்லை.

ஜெயசீலி அடித்ததையெல்லாம் மூடிவிட்டுப் புதிதாக ஒரு வெற்றுப் பக்கம் திறந்தார். அதைக் குறுக்கே திருப்பினார். நடுவில் மடிப்புக்கு இடம் விட்டு இரண்டு பத்தியாகப் பிரித்தார். இடப்பக்கம் வசனம், அதன் கீழே பெண் வீட்டார் அழைப்பு. வலப்பக்கம் முருகன் துணை, அதன் கீழே மாப்பிள்ளை வீட்டார் அழைப்பு. இரண்டு தலைப்பும் ஒரே உயரத்தில் நின்றன. திரையை நாகம்மாவின் பக்கம் திருப்பி வைத்தார்.

நாகம்மா இடப்பக்கத்து வசனத்தின் மேல் விரல் வைத்தார். “ஆனா மொதல்ல படிக்கறது உங்களைத்தானே?” என்றார்.

“ஆங், படிக்கறது எடப்பக்கத்துலருந்து. ஆனா மரியாதை வலப்பக்கம் இருக்கறவங்களுக்குத்தாம்மா. வூட்டுக்கு வர்ற மருமவளை எந்தக் காலை எடுத்து வெக்கச் சொல்வீங்க?”

நாகம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். “உன்னாண்ட பேசி ஜெயிக்க முடியாதும்மா. அப்படியே அடி” என்றார். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு, “ஆனா ஒண்ணு. பேப்பர்ல பக்கத்துல நின்னுட்டேன். சர்ச்சுக்கு உள்ள மட்டும் என்னைக் கூப்பிடாதே. உன் வூட்டுக்கும் வரமாட்டேன்” என்றார்.

சொன்னபடியே செய்தார். கல்யாணத்தன்று காலை சர்ச்சில் ஆசீர்வாத ஜெபம் நடந்தபோது நாகம்மா பட்டுப்புடவையோடு கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றார். ஜெபம் முடிந்ததும் அவரே எங்களுக்கு முன்னால் திருத்தணி மலையடிவார மண்டபத்துக்குப் போய்விட்டார். அங்கே ஜெயசீலி முன்வரிசையில் உட்கார்ந்து அட்சதை போட்டார். அண்ணன் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தாரே, அதுவே பெரிசு என்றார் ஜெயசீலி.

அதற்குப் பிறகு தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் நாகம்மாவிடமிருந்து புடவை வரும். முரளி கொண்டுவந்து கொடுப்பான். அவர் வரமாட்டார். மருமகளைக் குறைவாக நடத்தினார் என்று சொல்ல முடியாது, ஆனால் அவளை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்று பியூலாவே அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். ஜெயசீலியின் கவலை அப்படியே இருந்தது.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தேன். என்னைக் கண்டதும், “பாருங்க டீச்சர், நானே லேண்ட்ஸ்கேப் ஆயிட்டேன்” என்றார். எனக்குச் சிரிக்க வரவில்லை. “வாயை மூடுங்க” என்று அதட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கை ஜில்லென்று இருந்தது. “பத்திரிகையைத் திருப்பிட்டேன். அந்த அம்மாவை மட்டும் என்னால திருப்ப முடியல. என் பொண்ணு தனியா நின்னுடுவாளோன்னு இருக்கு” என்றார். நான் என்னென்னவோ தைரியம் சொன்னேன். அதில் எதையும் நானே நம்பவில்லை, அவரும் நம்பவில்லை.

அடக்கத்தன்று பெட்டி சர்ச் வாசலுக்கு வந்தபோது அம்மையார்குப்பத்திலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. நாகம்மா இறங்கினார். தலை வாரவில்லை, சாதாரண நூல் புடவை. கேட்டருகே பியூலா நடக்க முடியாமல் முரளியின் தோளில் சாய்ந்திருந்தாள். மாமியாரைப் பார்த்ததும் அந்த நிலையிலும் அந்தப் பெண், “அத்தே, நீங்க இங்கயே இருங்க. பரவால்ல” என்றாள்.

“இன்னா பரவால்ல?” என்றார் நாகம்மா. “பெத்தவளே பூட்டா. உன்னை உள்ள யாரு கூட்டினு போவா? வா பியூலா.”

முரளியிடமிருந்து அவளை வாங்கிக்கொண்டார். ஒரு கை அவள் இடுப்பில், ஒரு கை அவள் கையில். போதகர் ஜெபத்தைத் தொடங்கிவிட்டிருந்தார். பாட்டு எது, மௌனம் எது என்று நாகம்மாவுக்குத் தெரியவில்லை. எல்லாரும் எழுந்தபோது பியூலாவையும் எழுப்பி நிறுத்தினார், எல்லாரும் உட்கார்ந்தபோது அவளையும் உட்கார வைத்தார். கடைசி வரை கையை விடவில்லை.

ஜெயசீலியிடமிருந்து நான் கற்றுக்கொண்டது நிறைய. அட்டவணை போடுவதை இனி யாரும் குறை சொல்ல முடியாது. யாருக்கு எழுதுகிறோம் என்று கேட்காமல் இப்போது ஒரு வரிகூட நான் எழுதுவதில்லை. ஆனால் அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டிருப்பது அதெல்லாம் இல்லை. அவருக்குச் சொல்ல முடியாமல் போன ஒரு சேதியை வைத்துக்கொண்டிருக்கிறேன். தினமும் பஸ்ஸுக்கு நிற்கும்போது அதை அவரிடம் சொல்கிறேன். நாகம்மா உள்ளே வந்தார், ஜெயசீலி. பியூலாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வந்தார்.