தொட்டியைக் கழுவ மாட்டேன்

நான் யாரையும் எதிர்த்துப் பேசுகிற ஆள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறேன். மண்ணூரில் வரிசையாகக் கட்டிய வாடகை அறைகளில் ஒன்றில் தனியாக இருக்கிறேன்.

இந்த மழைக்காலத்தில், நாங்கள் எல்லோரும் குளிக்கிற தொட்டியின் உள்சுவரில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே வெள்ளையாக நுரை ஒட்டியிருந்தது. யாரோ தெளித்த சோப்பு என்று கை நீட்டினேன். பக்கத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு மரத்தவளை சுவரைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தது.

பக்கத்து அறையில் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் இருக்கிறான். அதைப் படம் எடுத்துக் கல்லூரியில் படிக்கும் நண்பனுக்கு அனுப்பினான். அந்த நுரைக்குள் முட்டைகள் இருக்கின்றன, குஞ்சுகள் தண்ணீரில் விழுந்துதான் வளரும், ஏரிக்கரை மரங்கள் போனபிறகு இந்தத் தவளை இங்கே அபூர்வம் என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, முன்பக்கம் குடியிருக்கும் வீட்டுக்கார அக்கா பிளீச்சிங் பவுடரும் பிரஷ்ஷுமாக வந்தார்.

“தொட்டிய தேச்சிக் கழுவு. எம் பொண்ணு பச்சப்புள்ளயோட வரப் போறா. தேரை மேல வுழுந்தா புள்ள எளச்சிப் பூடும்.”

“கழுவ மாட்டேன்க்கா.”

சொன்னது நான்தான்.

“இன்னா சொன்ன?”

“முட்ட வெச்சிக்கீதுக்கா. புள்ளயாண்ட போவாம நான் பாத்துக்கறேன். எல்லாருக்கும் தெருக்கொழாய்லேர்ந்து தண்ணி நானே தூக்கியாறேன்.”

“அக்கா, தவளைட்டயும் வாடக கேட்டிரலாம்லா?” என்று பையன் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை.

“அப்ப நீ ரூம காலி பண்ணு. ரெண்டு மாசம் டைம்.”

“சரிக்கா. அதுவரைக்கும் தொட்டில யாரும் கை வெக்கக் கூடாது.”

அடுத்தவர் முன்னால் பனியனைக்கூடக் கழற்றாதவன் நான். அன்றிலிருந்து தெருக்குழாயடியில் குளிக்கிறேன். ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸிலிருந்து எவனாவது விசில் அடிப்பான். கூசும். இன்னொரு சொம்பு எடுத்துத் தலையில் ஊற்றிக்கொள்வேன்.

அக்காவின் மகள் குழந்தையோடு வந்துவிட்டாள். தவளை குழந்தையிடம் போகாதபடி, தொட்டிப் பக்கம் திறக்கும் அவர்கள் வீட்டுப் பின்கதவைத் தாழ் போட்டே வைக்கிறேன்.

நேற்று அக்கா கேட்டார்: “ரூம் பாத்துட்டியா?”

“பாத்துட்டேன், வல்லக்கோட்டைல. இதுங்களுக்கு இப்பத்தான் பின்னங்கால் வந்துக்கீது. முன்னங்காலும் வந்து, ஏறிப் போவட்டும். அப்பறம் நானே கழுவிக் குடுத்துட்டுப் போறேன். அதுக்கு முன்னாடி யார் சொன்னாலும் முடியாதுக்கா.”