ஒயிட்னர் பூசிய வரி

என் பீரோவில் புடவைகளுக்கு அடியில் ஒரு நீளப் பதிவேடு கிடக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் போகும் வழியில் நான் பிரவுசிங் சென்டர் நடத்திய காலத்தது. பெயர், முகவரி, நேரம், வந்த காரியம் என்று நான்கு கட்டங்கள். காரியம் என்ற கட்டத்தில் எல்லாரும் 'மெயில்' என்றே எழுதுவார்கள். இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டிய, நான் அண்ணன் என்று கூப்பிடும் ஒருவர் மட்டும் 'அரசியல் எழுத' என்று அழுத்தி எழுதி, பக்கத்திலேயே தன் வலைப்பூவின் முகவரியையும் போடுவார்.

நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவள். போலீஸ் என்றாலே பயம். ஒரு தேர்தல் சமயத்தில், வலைப்பூவில் கட்சிகளைப் பற்றி எழுதினால் எழுதியவர் மேலும் இடம் கொடுத்தவர் மேலும் கேஸ் வரும் என்று கடைவீதியில் பேச்சு. கடைக்குச் சீல் வைத்துவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணனிடம் கெஞ்சினேன்.

"கட்சி பேரெல்லாம் வேணாம்ணா. வேற இன்னாவாவது எழுதேன்."

"வேற இன்னா, சாம்பார் வெக்கிறதா? அத நீ எழுது தங்கச்சி. நான் கமெண்ட் போடறேன்."

பதிவேடு புதிது, அவர் வரி அதில் ஒன்றுதான் இருந்தது. அதன் மேல் ஒயிட்னரைப் பூசிவிட்டேன். மறுநாளே ஸ்டேஷனிலிருந்து ஏட்டையா வழக்கமான சோதனைக்காகப் பதிவேட்டைப் பார்க்க வந்தார். அவர் விரல் நேராக அங்கேதான் போய் நின்றது.

"இன்னாமா, எல்லா வரியும் நல்லா கீது. இங்க மட்டும் இன்னாத்துக்கு சுண்ணாம்பு அடிச்சிக்கினு கீற?"

அந்த நேரம் பார்த்து ஷிப்ட் முடிந்து அண்ணன் உள்ளே வந்தார். "அது என் வரி சார். பயந்துகினு அழிச்சிருக்குது" என்றவர், ஏட்டையா எதிரிலேயே அதற்குக் கீழே 'அரசியல் எழுத' என்று மறுபடி எழுதினார். பிறகு தன் வலைப்பூவைத் திறந்து காட்டினார். மூன்று தேர்தலாகக் குடிநீர் தருவதாகச் சொல்லி ஓட்டு வாங்கிய கட்சிகளை, பெயர் சொல்லியே கேட்டிருந்தார். ஏட்டையா வாய்க்குள்ளேயே முழுவதையும் படித்தார்.

"எங்க ஊட்டாண்ட கொழாயும் இதே கதிதான். அத உட்டுட்டியே" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அவரு எழுதினதுக்கு அவரக் கேப்போம். அழிச்சதுக்கு உன்னத்தானமா கேக்கணும்?" என்று சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

சீல் வைக்க யாரும் வரவில்லை. எல்லார் கையிலும் போன் வந்த பிறகு கடையை நானே மூடினேன். அண்ணன் ஓய்வு பெற்றும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். இப்போது கமெண்ட் போடுவது நான். ஒவ்வொன்றையும் நான்கு தடவை படித்துப் பார்த்துத்தான் அனுப்புவேன். பயம் அப்படியொன்றும் போய்விடவில்லை. நேற்று பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். ஒயிட்னர் வெடித்துப் பாதி உதிர்ந்திருந்தது. மீதியை நகத்தால் நானே சுரண்டினேன்.