ஒரு சொட்டும் வராத படகு

என் மனைவி ஸ்கூல் பஸ் ஓட்டினாள். கோடையில் பள்ளிக்கூடம் இல்லை, பஸ்ஸும் இல்லை. அந்த இரண்டு மாதமும் பெரிதாக எதையாவது ஓட்டாமல் அவளால் இருக்க முடியவில்லை என்றுதான் நினைக்கிறேன். வேறு விளக்கம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. ஸ்காபரோவில், ரூஜ் பக்கத்து எங்கள் தெருவில் எல்லோரும் வீட்டுக்குப் பின்னால் மரத்தில் டெக் கட்டி ஆட்டிறைச்சி வாட்டிக்கொண்டிருந்தபோது, இவள் வடக்கே ஓர் ஏரிக்கரையில் தன்னைவிட வயது கூடிய ஒரு மரப்படகைக் கண்டுவிட்டு வந்தாள். விறகாக்கமாட்டேன் என்று சத்தியம் செய்கிறவருக்கு அதைக் கொடுத்துவிட அதன் சொந்தக்காரக் கிழவர் தயாராக இருந்தார். அடுத்த கிழமை இவள் போய்ச் சத்தியம் செய்துவிட்டு வந்தாள். என்னை யாரும் கேட்கவில்லை.

கடலுக்குப் போகிற படகு அல்ல அது. ஆறும் ஏரியும் வாய்க்காலுமாகப் போகிற உள்நாட்டு நீர்வழிக்கென்று செய்தது. மகோகனிப் பலகை, உள்ளே இரண்டு படுக்கை, ஒரு சின்ன அடுப்பு, பஸ்ஸில் இருப்பதைவிட அழகான ஒரு ஸ்டீயரிங். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதைதான். ஒரு வருடம் எஞ்சின் நின்றது, ஒரு வருடம் அடிப்பலகை உக்கியது. ஒவ்வொரு வசந்தத்திலும் அவள் அதன் வயிற்றுக்குக் கீழே மல்லாந்து படுத்துப் பழைய பெயின்ற் சுரண்டுவாள். நான் குனிந்து டோர்ச் பிடித்துக்கொண்டு நாரி நோகிறதென்று முறையிடுவேன்.

மரப்படகின் சூட்சுமம் ஒன்றை அவள்தான் எனக்குச் சொன்னாள். குளிர்காலம் முழுக்கக் கரையில் நின்ற படகின் பலகைகள் காய்ந்து சுருங்கி, இடையில் விரிசல் விட்டிருக்கும். வசந்தத்தில் தண்ணீரில் இறக்கினால் எல்லா விரிசலாலும் ஒழுகும். பயப்படக் கூடாது. படகை இறக்குகிற கிரேனின் பட்டியில் தொங்கவிட்டபடியே இரண்டொரு நாள் தண்ணீரில் வைத்திருந்தால் பலகைகள் ஊறிப் பெருத்து, ஒன்றையொன்று நெருக்கித் தாமாகவே அடைத்துக்கொள்ளும். முதல் வருடம் படகு தாழ்கிறது என்று நான் கத்தினேன். அவள் கரையிலிருந்து ரோல்ஸ் தின்றுகொண்டு, அது தாகத்துக்குக் குடிக்கிறது, விடுங்கோ என்றாள்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. பீட்டர்பரோவில் அந்த நீர்வழியில் ஒரு தூக்கி இருக்கிறது. ஒரு பெரிய தொட்டிக்குள் படகை ஓட்டிக்கொண்டு போனால், தண்ணீரும் படகும் ஆட்களுமாகத் தொட்டியை அப்படியே மரங்களுக்கு மேலே தூக்கி மறுபக்கத்து உயரத்தில் விடும். அதில் தன் படகோடு ஏற வேண்டும். ஒவ்வொரு கோடையும் வெளிக்கிடுவோம். ஒவ்வொரு கோடையும் ஏதாவது ஒன்று உடையும். வருகிற வருசம் என்று திரும்பி வருவோம்.

பிறகு அவளுக்கு வருத்தம் வந்தது. ஈரலில் தொடங்கிய புற்று எங்கும் பரவியிருந்தது. குளிர்காலம் முழுவதும் ஆஸ்பத்திரியும் வீடுமாகப் போயிற்று. இனி ஒரு கோடைதான் என்பதை டொக்டர் நேரே சொல்லாமல், ஆனால் விளங்கும்படி சொன்னார். அவள் அழவில்லை. காரில் ஏறி பெல்ற் போட்டுக்கொண்டு, அப்ப இந்த வருசம் தூக்கியில் ஏறத்தான் வேணும் என்றாள். நான் அழுதேன். காரை எடுக்க முடியாமல் பார்க்கிங்கில் இருந்து அழுதேன்.

படகை யார் ஆயத்தம் செய்வது என்ற கேள்வி வந்தபோது அவளுடைய தம்பி முன்னுக்கு வந்தான். அவனுக்கு பேஸ்மென்ற் திருத்துகிற வேலை. ஸ்காபரோவில் மோர்னிங்சைட் பக்கம் அவன் கை படாத நிலக்கீழ் அறைகள் குறைவு. நல்ல வேலைக்காரன், மறுக்கமாட்டேன். ஆனால் அவனுடைய உலகத்தில் ஈரம் என்றால் எதிரி. சுவரில் ஒரு பொட்டு ஈரம் கண்டாலும் அன்று அவனுக்குச் சோறு இறங்காது. அக்காவின் படகு ஒவ்வொரு வருடமும் ஒழுகுகிறது என்று அவன் கேள்விப்பட்டிருந்தான். இத்தனை வருடமாக ஒருவரும் அதை ஒழுங்காகத் திருத்தவில்லை என்று அவனுக்கு உள்ளுக்குள் ஒரு கோபம்.

நான் ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலடியில் இருந்த நாட்களில் அவன் படகுத்துறைக் கொட்டகைக்குப் போய் வந்தான். இரண்டு பெரிய ஹீற்றர் கொண்டுபோனான். ஈரம் உறிஞ்சுகிற மெஷின் கொண்டுபோனான். பலகைகளைக் காய வைத்தான், காய்ந்தது போதாதென்று இன்னும் காய வைத்தான். பிறகு, அகலமாகத் திறந்திருந்த விரிசல்கள் அத்தனையிலும், வெடித்த கொங்கிறீற் சுவரில் வைக்கிற, இறுகினால் கல்லாகிப்போகிற பசையை அடித்து நிரப்பினான். மேலே வெள்ளைப் பெயின்ற், கண்ணாடி மாதிரி. அக்காவுக்குச் சொல்லாதேங்கோ அத்தான், வந்து பாக்கட்டும் என்று போனில் படம் அனுப்பினான். வெள்ளைப் பெயின்ற் மட்டுமே தெரிந்த அந்தப் படத்தைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்தது. ஒரு கிழமையாக எனக்குக் கிடைத்த முதல் சந்தோஷம் அதுதான்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று நாளைக்கு முன்பே தம்பி படகைத் தண்ணீரில் இறக்க வைத்திருந்தான். அக்கா வந்து காத்திருக்கக் கூடாது, ஏறியதும் வெளிக்கிட வேண்டும் என்பது அவன் எண்ணம். கம்பளித் தொப்பியும் என் ஜக்கெற்றுமாக அவள் துறையில் நின்று படகைப் பார்த்தாள். அழகாயிருக்கு என்றாள். நானும் தம்பியுமாகத் தாங்கி ஏற்றி ஸ்டீயரிங்குக்கு முன்னால் இருத்தினோம். ஏறியதும் வழக்கம்போல் ஒரு கேள்வி கேட்டாள்.

"எவ்வளவு தண்ணி வந்தது?"

"ஒரு சொட்டும் வரேல்லை அக்கா," என்றான் தம்பி. அவன் முகத்தில் இருந்த பெருமையை நான் எப்படிச் சொல்வேன்.

அவள் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். எத்தனையோ வருடம் அவளோடு வாழ்ந்திருக்கிறேன். டொக்டரின் அறையில்கூட அந்த முகத்தை நான் காணவில்லை. அடித்தளத்து மூடியைத் திறக்கச் சொன்னாள். உள்ளே பேஸ்மென்ற் போல் துப்புரவாக, உலர்ந்து கிடந்தது. குனிந்து டோர்ச் அடித்தேன். படகின் விலா எலும்புகள் என்று அவள் சொல்லும் வளைந்த மரச்சட்டங்களில் மூன்று, வளைவிலேயே வெடித்திருந்தன. வெடிப்பின் உட்புறம் புதிதாக, வெளிறிப்போய் இருந்தது. பலகைகள் ஊறிப் பெருத்திருக்கின்றன. நெருங்க இடமில்லை. இடையில் தம்பி அடித்த பசை, கல்லாக. பிறகு சட்டங்களை அல்லாமல் எதை உடைக்கும்?

நான் நிமிரும் முன்பே நாலாவது முறிந்தது. காய்ந்த விறகைக் காலில் வைத்து முறிக்கிற சத்தம். அதோடு ஒரு பலகை சட்டத்தை விட்டுக் கழன்று தண்ணீர் உள்ளே பாய்ந்தது.

அவளை எப்படித் தூக்கிக்கொண்டு துறைக்கு ஏறினேன் என்று தெரியவில்லை. கையில் பாரமே இல்லை, அதுதான் ஞாபகம். படகுத்துறைக்காரர்கள் பம்பைக் கொண்டுவந்து போட்டார்கள், பட்டியைக் கொண்டுவர ஓடினார்கள். தம்பி மட்டும் படகை விட்டு இறங்கவில்லை. சீமெந்து குழைக்கிற வாளியால் இடுப்பளவுத் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினான். வெளியே வரச் சொல்லி எல்லோரும் கத்தினார்கள். அவன் காதில் ஏறவில்லை. மற்றப் பக்கத்திலும் ஒரு பலகை கழன்றது.

"தம்பி, விடு," என்றாள் அவள். குரலே வரவில்லை, இருந்தும் அவனுக்குக் கேட்டது. "பலகை பழசு. உன்ர வேலை நல்ல வேலை. மேல வா."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஸ்டீயரிங்கில் ஓங்கி அடித்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானால் சிரிக்கலாம், இதற்கு என்ன செய்வது? அவனைக் கூப்பிட்டுக் கேட்கப்போகிறேன் என்றேன். படகைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாதவன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று கத்தினேன். அவள் என்னைக் கத்த விட்டாள்.

"அவனால எண்டு அவனட்டச் சொல்லிப்போடாதேங்கோ," என்றாள் பிறகு. "நான் இருந்தாலும் சரி, இல்லாட்டிலும் சரி. எனக்கு இது ஒரு கோடைதான். அவன் கனகாலம் இருக்கவேணும்."

தூக்கியைப் பார்க்கவாவது பீட்டர்பரோவுக்குக் காரில் கூட்டிப்போகட்டுமா என்று ஒருநாள் கேட்டேன். கரையில நிண்டு பாக்கிறதுக்கோ நான் இத்தனை வருசம் பெயின்ற் சுரண்டினனான் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேறு யாருடைய படகிலாவது ஏற்றிவிட ஆள் தேடினேன். கிடைத்தபோது அவளால் எழுந்திருக்க முடியவில்லை. ஓகஸ்ட் முடியவில்லை, அவள் போய்விட்டாள். படகைப் படகுத்துறைக்காரர்கள் வெட்டி அகற்றினார்கள். அவள் செய்த சத்தியத்தை நான்தான் கையெழுத்துப் போட்டு முறித்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகும் தம்பி மட்டும் போகாமல் இருந்தான். மெலிந்திருந்தான். வேலைக்கும் ஒழுங்காகப் போவதில்லை என்று கேள்வி. கதிரைகளை மடித்து அடுக்கிவிட்டு என் முன்னால் வந்து நின்றான்.

"அத்தான், ஒண்டு கேப்பன், உண்மையைச் சொல்லுங்கோ. நான் பூசினதாலையோ அது உடைஞ்சது?"

எத்தனை நாளாக அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு திரிந்தானோ தெரியவில்லை. ஓம் என்ற சொல் என் வாயில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் எனக்கு ஒரு நாளாவது நித்திரை வரும் என்று பட்டது.

"இல்லை மச்சான்," என்றேன். "அதுக்கு வயசு போட்டுது."

அவன் என் தோளில் விழுந்து அழுதான். நான் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அவன்மேல் எனக்கிருந்த கோபம் ஒரு இம்மியும் குறையவில்லை. இப்போதும் குறையவில்லை. அதைக் கொண்டுபோய்ச் சொல்ல எனக்கு இருந்தது ஒருத்திதான்.