கட்டுப்பாட்டு அறையிலிருந்து தனபால் பேசுகிறேன்

ஆட்டோ மைக்கில் குரல் கொடுக்கிற தொழிலில் முகம் யாருக்கும் தெரியாது. திட்டு மட்டும் சரியாக வீடு தேடி வந்துவிடும்.

கடலூரில் எங்கள் மாமா நடத்தும் மைக் செட் கடையின் பின்னறைதான் என் ராஜ்ஜியம். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி, சத்தம் பதிவாகிவிடும் என்று ஃபேன் போட விடாத அறை. பிளஸ் டூ முடித்ததும் மாமா என்னை அங்கே உட்கார வைத்தார். காலேஜ் சேர்ந்த பிறகும் லீவு நாளில் அங்கேதான் கிடக்கிறேன். எனக்கு எல்லாக் குரலும் வரும். கண்டக்டர், டாக்டர், சளி பிடித்த ஹெட்மாஸ்டர், கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்தி. ஒருமுறை மாமா குரலிலேயே ஒரு விளம்பரம் பதிவு செய்தேன். கேட்டுவிட்டு மாமா, "யாருடா இவன், கட்டைக் குரலு? வேற ஆளப் போடு" என்றார்.

புடவைத் தள்ளுபடி, துக்க அறிவிப்பு, கோயில் திருவிழா, எல்லாம் நாங்கள்தான். வெயில், புயல், வெள்ள எச்சரிக்கையும் நாங்கள்தான். நீங்கள் ஒருமுறை கேட்டுவிட்டு ஜன்னலைச் சாத்துகிற புயல் எச்சரிக்கையை நான் பதினைந்து முறை படித்தாக வேண்டும். படித்து முடித்ததும் நானே வெளியே போய் வானத்தைப் பார்ப்பேன். மழைச் சத்தம் கேட்டதும் ஃபோனை எடுத்து, காற்றழுத்தத் தாழ்வு இப்போது எங்கே நிற்கிறது என்று தேடுகிற ஆளா நீங்கள்? பக்கத்தில் உட்காருங்கள், நானும் அதே கேஸ்தான். என் பயத்துக்கு ஒரு முகவரியே உண்டு. குமராட்சி பக்கம், கொள்ளிடக் கரையோரம், தாழ்வான ஒரு தெருவில், மல்லிகா என்கிற பசுமாட்டோடு தனியாக இருக்கிறார் என் அப்பாவின் அக்கா அஞ்சலை அத்தை. ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டால் முதலில் நனைகிற வாசல் அவருடையது.

கடைசியில் வயிறு வலிக்கச் சிரிக்க ஒன்று வைத்திருக்கிறேன். இப்போது தரமாட்டேன்.

பன்னிரண்டு முதல் மூன்று வரை

சித்திரை வெயிலில் ஓர் அறிவிப்பு வந்தது. பகல் பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை யாரும் அவசியமில்லாமல் வெளியே வர வேண்டாம். அன்பான டாக்டர் குரலில் பதிவு செய்து கொடுத்தேன். அதை ஒலிக்கவிட்டு ஊர் சுற்ற வேண்டியவர் பழனி அண்ணன். எங்கள் ஆட்டோ டிரைவர். கடைத் தண்ணீரைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடிப்பார். அவருக்கு மாமா ஒதுக்கிய நேரம், பகல் பன்னிரண்டு முதல் மூன்று. "அப்பத்தான ஜனம் வெளிய சுத்தும், அப்பத்தான சொல்லணும்" என்பது மாமாவின் நியாயம்.

ஆட்டோ போன தெருவிலெல்லாம், என்ன விற்கிறார்கள் என்று பார்க்க ஜனம் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தது. குடைக் கம்பெனிக்காரன் கிளப்பிவிட்ட வதந்தி என்று ஒருவர் கண்டுபிடித்தார். மூன்றே காலுக்குத் திரும்பி வந்த பழனி அண்ணன் சட்டையைக் கழற்றிப் பிழிந்துகொண்டே கேட்டார்: "ஊரையே உள்ள இருன்னு சொல்றதுக்கு, நான் ஒருத்தன் மட்டும் வெளிய இருக்கணுமா மொதலாளி?"

சும்மா கொடுத்தால்

சிதம்பரம் கீழவீதியில் ஒரு குழுவினர் மரக்கன்று இலவசமாகக் கொடுத்தார்கள். அறிவிப்பு நேரடியாக, என் பொறுப்பில். "வாங்கம்மா, வாங்கய்யா" என்று அரை மணி நேரம் கத்தியும் ஒருவரும் கிட்டே வரவில்லை. கோயிலுக்குள்ளிருந்து நெற்றி நிறைய விபூதியோடு வந்த பெரியவர் ஒருவர் கன்றுகளை இரண்டு தடவை சுற்றி வந்தார். ஒரு இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார்.

"ஆதார் கேப்பீங்களா?"

"இல்ல மாமா."

"போன் நம்பர்? போட்டோ?"

"எதுவும் வேணாம் மாமா, எடுத்துக்கிட்டுப் போயிட்டே இருங்க."

அதைக் கேட்டதும்தான் அவருக்குச் சந்தேகம் முற்றியது. "அப்ப உங்களுக்கு இதுல என்ன லாபம்?"

"நெழல் மாமா. தெருவுல சூடு கொறையும்."

"எப்ப?"

"ஏழெட்டு வருஷம் ஆவும்."

பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். என் பெயர், தெரு, அப்பா பெயர் எல்லாம் எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் இரண்டு புங்கன் கன்றைத் தூக்கினார். நாலு அடி போய்த் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "கன்னு மட்டும் காயட்டும், வந்து கேக்குறேன்."

இன்றே கடைசி நாள்

ஒரு ஜவுளிக் கடைக்காக "இன்றே கடைசி நாள்" என்று உருக்கமாக ஒரு பதிவு செய்திருந்தேன். ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் புயல் எச்சரிக்கை வந்தது. அவசரத்தில் குரலை மாற்ற மறந்து, அதே உருக்கத்தோடு படித்துவிட்டேன். தேவனாம்பட்டினத்தில் கருவாட்டுக் கூடையோடு நின்ற ஒரு அக்கா ஆட்டோவை மறித்தது. நான் முன்சீட்டில் பழனி அண்ணனை ஒட்டி உட்கார்ந்திருந்தேன்.

"ஒம்போது நாளா கடைசி நாளு, கடைசி நாளுன்னு பொடவ வித்த வாயிதான இது?" என்று ஸ்பீக்கரைப் பார்த்துக் கேட்டது. படகையெல்லாம் கரையேற்றினார்கள் என்பது வேறு விஷயம். அது கடலின் நிறத்தைப் பார்த்து, என் பேச்சைக் கேட்டு அல்ல. புயல் திசை மாறி வடக்கே போனது. இங்கே தூறலோடு சரி. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடுத்தது நிஜமாக வரும்போது எந்தக் குரலில் சொல்வது? மறுநாள் அந்தப் பக்கம் போனபோது அதே அக்கா கூடையை இறக்காமலேயே கத்தியது: "அந்தக் கடையும் மூடல, ஒம் பொயலும் வரல, பாத்தியா!"

தனபால் பிறந்தார்

அதனால் எச்சரிக்கைக்கு மட்டும் என்று ஒருவரை உண்டாக்கினேன். பெயர் தனபால். வயது ஐம்பத்திரண்டு, லேசான சைனஸ். பேசுவதற்கு முன் ஒரு இருமல், பிறகு காகிதம் புரட்டும் சத்தம். அவர் வாழ்நாளில் ஒரு கைக்குட்டைகூட விற்றதில்லை.

ஐப்பசி அடைமழையில் ஒரு மத்தியானம், கொள்ளிடத்தில் தண்ணீர் கூடுதலாகத் திறக்கிறார்கள், கரையோரத் தெருக்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்று பதிவு செய்ய எழுத்து வந்தது. அத்தையின் ஊர் மூன்றாவது வரியில் இருந்தது. உடனே ஃபோன் போட்டேன்.

"போன வருசமும் இதத்தான் சொன்ன" என்றார் அத்தை. "பொய்க் கொரலு பேசுறதே ஒனக்குத் தொழிலு. கேஸ் கம்பெனிக்காரன் மாரி பேசி, இல்லாத கேஸ் பொஸ்தகத்த என்னைப் பரணையில ஏறித் தேட வச்சவன்தான நீ? வையிடா போன."

தேட வைத்தது உண்மை. மறுக்க முடியாது. பழனி அண்ணன் ஃபோனைப் பிடுங்கினேன். அந்த நம்பர் அத்தைக்குத் தெரியாது. இருமினேன். கரண்டு பில்லைப் புரட்டினேன்.

"மாவட்டக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து தனபால் பேசுகிறேன். அஞ்சலை அம்மாளா? ஆற்றில் தண்ணீர் வரத்து அதிகம். ஒரு மணி நேரத்துக்குள் வீட்டைப் பூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குச் சென்றுவிட வேண்டும். மல்லிகா சினையாக இருப்பதால் பதமாக ஓட்டிச் செல்லவும்."

அந்தப் பக்கம் மல்லிகா கத்துவது கேட்டது. பிறகு, அத்தை வாயிலிருந்து நான் கேட்டே இராத ஒரு மரியாதை. "சரிங்க சார். இப்பவே கெளம்புறேங்க சார்."

பொழுது சாய்வதற்குள் அந்த வீட்டில் ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய் அத்தையைப் பார்த்தேன். மல்லிகா வராந்தாவில் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அத்தை சொன்னார்: "அந்த சாரு புண்ணியத்துல பொழச்சேன். ஒன்ன நம்பியிருந்தா மெதந்துருப்பேன்."

சிரிப்பு எங்கே என்கிறீர்களா? இருங்கள்.

சாருக்கு போன்

நாலாம் நாள் பழனி அண்ணன் ஃபோனை எரிகிற தீக்குச்சி மாதிரி நுனியில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "தனபால் சார், உங்களுக்குத்தான்."

அத்தையேதான். "தண்ணி ஆத்துலேர்ந்து வந்துது, சரி. வந்தது போவணும்ல சார்? வாய்க்கா மதகுல ஆகாயத்தாமர அடச்சிக்கிட்டு நாலு நாளா வூட்டுக்குள்ளயே நிக்கிது."

இருமிவிட்டு, "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" என்றேன்.

"எடுக்கப்படும்னா எந்தக் கெழம சார்?"

இப்படி ஒரு கேள்வியை எந்த ஆபீசரும் எதிர்பார்க்க மாட்டார். வாய் தவறி "ஞாயிறு" என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, தனபால் சார் அனுப்பினார் என்று சொல்லிக்கொண்டு, நான், பழனி அண்ணன், காலேஜ் பையன்கள் நாலு பேர், இடுப்பளவு சேற்றில். கயிறு கட்டி இழுக்க இழுக்க, ஆகாயத்தாமரை பாய் பாயாக வந்தது. அட்டை என் காலை விடவில்லை, அத்தை கரையிலிருந்து அதட்டுவதை விடவில்லை. மத்தியானத்துக்கு மேல் மதகு 'களக்'கென்று ஒரு சத்தம் போட்டு வாயைத் திறந்தது. தண்ணீர் ஓடுவதை நாங்கள் ஆறு பேரும் சினிமா பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அதோடு முடியவில்லை. அத்தை சாருக்கு அடுத்தடுத்து ஃபோன் போட்டார். தெருவில் இருக்கிற எல்லா வீட்டு ஃபோன் நம்பரும் வரிசையாக வேண்டும், ஒரு வீடு அடுத்த வீட்டுக்குச் சொல்ல. கரை சரிகிற இடத்தில், வேர் மண்ணைப் பிடிக்க, பனங்கொட்டை போட வேண்டும். பள்ளிக்கூடக் குழாயில் தண்ணீர் வர வேண்டும். அதற்குத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு. வரிசையில் நின்றது நான், பெயர் வாங்கியது தனபால். எனக்கே சந்தேகம், இந்த ஆள் என்னைவிட நல்லவனாக இருக்கிறானே என்று. ஆனால் ஒன்று. மதகு திறந்த வாரம் மறுபடி மழை கொட்டியது. ஃபோனை எடுத்துப் பார்க்காமலேயே தூங்கிப்போனேன். தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

பனங்கொட்டை போட்ட அன்று, என் கை மண்ணைத் தன் முந்தானையால் தட்டிவிட்டு அத்தை பெருமூச்சு விட்டார்: "அவரு வாக்கு சுத்தம்டா. அவருகிட்ட கொஞ்சம் கத்துக்க."

டீ ஆறுது

மார்கழி பிறந்ததும் மறுபடி ஆற்றில் தண்ணீர். எழுத்து கடைக்கு வந்து, நான் தொண்டையைச் செருமி, தனபாலை எழுப்பி அத்தைக்குப் போடுகிறேன், லைன் கிடைக்கவில்லை. எத்தனை தடவை போட்டாலும் பிஸி. பழனி அண்ணனின் ஃபோனோடு பஸ் பிடித்து, குமராட்சியிலிருந்து மினி பஸ் மாறி, மழையில் ஓடினேன். தெருவில் ஒரு வீட்டில்கூட ஆள் இல்லை. எல்லாக் கதவிலும் பூட்டு.

ஆறு ஏறுவதைப் பார்த்து, ஒரு வீடு அடுத்த வீட்டுக்கு ஃபோனில் சொல்லி, மொத்தத் தெருவும் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. குழாயில் தண்ணீர் வந்தது. மல்லிகாவும் கன்றும் வராந்தாவில். நடுவில் ஃபோன் நம்பர் பட்டியலோடு அத்தை, யார் வந்தாச்சு, யார் வரவில்லை என்று டிக் அடித்துக்கொண்டு. என் கையில் ஒரு டம்ளரைத் திணித்தார். மூச்சு வாங்கியதில் நான் குடிக்காமல் நின்றேன்.

பட்டியலிலிருந்து தலையைத் தூக்காமலேயே சொன்னார், "டீ ஆறுது, குடிங்க தனபால் சார்."

பழனி அண்ணன் சொல்லிவிட்டாரா என்று அவரைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன்.

"எப்பலேர்ந்து தெரியும் அத்த?"

"மொத நாளே. மல்லிகா செனையா இருக்கறது கலெக்டர் ஆபீசுக்கு யாருடா சொன்னா?"

"நான்னு தெரிஞ்சும் ஏன் கெளம்புன?"

"போன்ல ஒனக்குத் தொண்ட நடுங்கிச்சி. வெளயாட்டுக்குப் பேசுனா நீ நடுங்க மாட்டியே. புள்ள பயந்துகெடக்கேன்னு கெளம்புனேன்."

"அப்பறம் எதுக்கு இத்தன நாளா சார், சார்னு?"

அத்தை கடைசி வீட்டுக்கும் டிக் அடித்துவிட்டு நிமிர்ந்தார். "ஆபீசருகிட்ட சொன்னா ஆறு மாசம் ஆவும். ஒங்கிட்ட சொன்னா ஞாயித்துக்கெழம முடிஞ்சிருது."

ஆகவே, குரல் மாற்றி ஊரை ஏமாற்றும் சக தொழிலாளர்களே, உங்கள் அத்தை திடீரென்று "சொல்லுங்க சார்" என்று மரியாதையாகப் பேச ஆரம்பித்தால், சந்தேகமே படாமல் ஒரு மண்வெட்டியை எடுத்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.