ஆம்ப்ரோஸைத் தோற்கடிக்க நின்றவள்

வடக்கே, காட்டுக்கு நடுவில் இரட்டைத்தீவு ஏரி என்ற பழங்குடி ஊரில் லவீனா தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தாள். குழாய் வராத வீடுகளின் தொட்டிகளை நிரப்புவது அவள் வேலை. நாற்பத்தொன்பது வயது, அகன்ற தோள், யாரையும் நேருக்கு நேர் பார்க்கும் கண்கள். பழங்குடி மன்றத் தலைவர் பதவி மேல் அவளுக்கு எந்த நாளும் ஆசை இருந்ததில்லை. கூட்டம் என்றாலே அவளுக்குக் கொட்டாவி வரும். தலைவராக இருந்த ஆம்ப்ரோஸ் ஹால்கெட் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் கடைசிவரை லாரியிலேயே இருந்திருப்பாள்.

முந்தின கோடையில் காடு எரிந்தது. தெற்குக் கரையிலிருந்து தீ ஊரை நோக்கி வந்தபோது, நோயாளிகளையும் கைக்குழந்தைகளையும் முதல் விமானத்தில் வின்னிபெக் நகரத்துக்கு அனுப்புவதாக முடிவாயிற்று. லவீனாவின் கணவன் எப்ராயிமுக்கு நுரையீரல் பழுது. ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லாமல் நாலடி நடக்க முடியாது. மருத்துவ நிலையத்து நர்ஸ் அவன் பெயரைத்தான் முதலில் சொன்னாள். லவீனா காலையிலேயே அவனை ஓடுபாதையில் இறக்கிவிட்டு, "வின்னிபெக்ல பாக்கலாம், சிலிண்டரைத் தூக்கிக் காட்டி ஊர்வம்பு பேசாத" என்று சிரித்துவிட்டு, கூரைகளை நனைக்கத் தண்ணீரோடு போய்விட்டாள்.

மாலையில் திரும்பியபோது அவன் பள்ளி விளையாட்டுக்கூடத்தின் தரையில் கிடந்தான். முதல் விமானத்தில் இடமில்லை என்று தலைவர் சொல்லிவிட்டாராம். இரண்டாவது விமானம் புகையில் இறங்க முடியாமல் வந்த வழியே திரும்பிவிட்டது. சிலிண்டர் காலியாகிக்கொண்டிருந்தது. மறுநாள் விமானம் வருவதற்குள் எப்ராயிம் அவள் மடியிலேயே போய்விட்டான்.

அதைக்கூட அவள் தாங்கியிருப்பாள். தீ அணைந்து ஊர் திரும்பியபின் சமூகக் கூடத்தில் நடந்த கூட்டத்தில் யாரோ எழுந்து, எப்ராயிம் ஏன் ஏறவில்லை என்று கேட்டார்கள். தலைவர் ஆம்ப்ரோஸ் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, வருத்தமான குரலில் சொன்னார்.

"குடிச்சிருந்தாப்ல. வரமாட்டேன்னு அடம். நான் என்ன பண்றது, தூக்கிட்டா போக முடியும்?"

கூட்டம் தலையாட்டியது. இளவயதில் எப்ராயிம் குடித்தவன்தான். அது எல்லோருக்கும் தெரியும். அவன் விட்டுப் பல வருடங்களானது பாதிப் பேருக்கு மறந்துபோயிருந்தது. லவீனா பின்வரிசையில் தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தாள். கோப்பை கையிலேயே ஆறிப்போனது. பேசினால் அவர் கழுத்தைப் பிடித்துவிடுவோம் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

இலையுதிர் காலத்தில் தேர்தல் அறிவிப்பு வந்தது. வேட்புமனு நாளில் அவளுடைய பெரியப்பா மகள் எர்னஸ்டின் எழுந்து லவீனாவின் பெயரை முன்மொழிந்தாள். ஆம்ப்ரோஸின் ஆட்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது.

"தண்ணி லாரிக்காரம்மா மன்றத்தை ஓட்டப் போறாங்களா? ரிவர்ஸ்லயா?" என்றான் ஒருவன்.

"உன் வீட்டுத் தொட்டி எவ்வளவு நாத்தம்னு எனக்குத் தெரியும்ப்பா. வாயைத் திறக்க வைக்காத" என்றாள் லவீனா. இப்போது மறுபக்கம் சிரித்தது.

அடுத்த வாரமே லாரிச் சாவியைத் திருப்பிக் கேட்டார்கள். வேட்பாளர் மன்றத்து வண்டியை ஓட்டக்கூடாது என்று காரணம் சொன்னார்கள். தலைவரும் மன்றத்து வண்டியில்தான் வலம்வந்தார். அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. லாரி ஆம்ப்ரோஸின் மருமகன் கைக்குப் போனது. அவன் மதியத்துக்கு முன் எழுந்திருக்கிற ரகமல்ல. தொட்டிகள் வறண்டன. பாத்திரம் கழுவ ஏரிக்கு வாளி தூக்கிய பெண்களெல்லாம் ஆம்ப்ரோஸின் பெயரைச் சொல்லித் திட்டினார்கள். லவீனாவுக்கு அது இனித்தது.

அவள் வீடு வீடாக நடந்தாள். மற்றவர்கள் புது வீடு, சாலை, வேலை என்று வாக்குக் கொடுத்தார்கள். அவள் ஒன்றும் கொடுக்கவில்லை.

"எனக்கு அந்தாளு கீழ இறங்கணும். அவ்வளவுதான்" என்றாள்.

"அதுக்கு அப்புறம்?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"அப்புறம் உங்க தொட்டி நிரம்பும் மாமா."

எர்னஸ்டின் தலையில் அடித்துக்கொண்டாள். "ஓட்டு கேக்கிற லட்சணமாடி இது? பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரின்னு நாலு வார்த்தை சேத்துச் சொல்லேன்."

"பொய் சொல்றவனை இறக்கத்தானே நிக்கிறேன். நானும் சொல்லவா?"

தேர்தலுக்குக் கொஞ்ச நாள் முன்பு ஆம்ப்ரோஸே வீடு தேடி வந்தார். கையில் புகைபோட்ட வெள்ளைமீன். லவீனா உட்காரச் சொல்லவில்லை. அவராகவே உட்கார்ந்தார்.

"லவீனா, நமக்குள்ள எதுக்கு இது? புது மருத்துவ நிலையம் கட்டுறோம்ல, அதுக்கு எப்ராயிம் பேரை வைக்கலாம்னு நினைக்கிறேன். பெரிய எழுத்துல. நீ பேரை வாபஸ் வாங்கிக்க."

"மூச்சு விட முடியாமச் செத்தவன் பேரை ஆஸ்பத்திரிக்கு வைக்கிறியா?"

"மரியாதைதானே."

"மரியாதை வேணாம். சொன்னதைத் திருப்பி எடு. அதே கூடத்துல, அதே மைக்ல, அவன் குடிக்கலைன்னு சொல்லு. நாளைக்கே விலகிடறேன்."

ஆம்ப்ரோஸ் சன்னல் வழியே ஏரியைப் பார்த்தார். "தேர்தல் முடியட்டும். பாக்கலாம்."

"அப்ப தேர்தல்லயே பாத்துக்கலாம். மீனை எடுத்துட்டுப் போ."

வாக்களிப்புக்கு முந்தின நாள் மதியம் உள்ளூர் வானொலியில் இருவரும் பேசினார்கள். பிங்கோ விளையாட்டுக்கு எண்கள் படிக்கும் அதே சின்ன அறை, நடத்துபவன் லெராய். ஊரில் எல்லா அடுப்படியிலும் அந்த வானொலி ஓடிக்கொண்டிருந்தது. ஆம்ப்ரோஸ் சரளமாகப் பேசினார்: அமைச்சரைச் சந்தித்தது, குளிர்காலத்தில் உறைந்த ஏரிமேல் போடும் பனிச்சாலைக்குக் கையெழுத்து வாங்கியது. லவீனாவின் முறை வந்தபோது அவள் மைக்கைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

"எனக்கு ஒரே கேள்வி. என் புருஷன் குடிச்சிருந்தான்னு சொன்னியே, பாத்தியா? மோந்தியா? இப்ப சொல்லு, ஊரே கேக்குது."

"செத்தவங்களைப் பத்தி இங்க பேச வேணாம்."

"நீதானே பேசின. நான் பேசலையே."

"சரி, கேக்கறதால சொல்றேன்" என்றார் ஆம்ப்ரோஸ், பெருமூச்சு விட்டு. "வாடை வந்துச்சு. எல்லாரும் பாத்தாங்க."

லெராய் அவசரமாகத் தொலைபேசி இணைப்பைத் திறந்தான். முதலில் வந்த குரலைக் கேட்டதும் ஆம்ப்ரோஸின் முகம் மாறியது. அது அவருடைய சித்தி யூபீமியா. அம்மா இல்லாமல் போனபின் அவரை வளர்த்தவள். அவள் சொல்லுக்கு ஊரில் மறுசொல் கிடையாது.

"லெராய், நான்தான். கேக்குதா?"

"கேக்குது பாட்டி, சொல்லுங்க."

"அந்த முதல் விமானத்துல நான் போனேன். என் பக்கத்து சீட்டுல ஆம்ப்ரோசோட நாய் உக்காந்திருந்துச்சு. பின்னாடி சீட்டுல இன்னொண்ணு. பெல்ட்டு போட்டு." கொஞ்சம் இருமினாள். "எப்ராயிம் படிக்கட்டு கிட்ட நின்னான். எனக்குக் கை குடுத்து ஏத்திவிட்டதே அவன்தான். அவன் முகம் என் முகத்துகிட்ட இருந்துச்சு. ஒரு வாடையும் இல்ல. இத்தனை மாசம் நான் பேசாம இருந்தது தப்பு. அந்தப் பொய்ய நீயே விட்டுடுவேன்னு நினைச்சேன் ஆம்ப்ரோஸ். இன்னிக்கும் அதையே சொல்ற."

லெராய்க்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பாட்டுப் போட்டான். லவீனா மைக்கைத் தள்ளி வைத்தாள். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. நாய் என்ற சொல் மட்டும் அவளுக்குள் திரும்பத் திரும்பக் குரைத்தது. இடமில்லை என்றார்களே.

முப்பத்தொரு வாக்கு வித்தியாசத்தில் அவள் ஜெயித்தாள். கூடத்தில் ஆரவாரம். எர்னஸ்டின் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். லவீனா ஆம்ப்ரோஸைத் தேடினாள். அவர் தோற்ற முகத்தை அருகில் நின்று பார்க்க வேண்டும் என்று எத்தனை நாள் படுக்கையில் கிடந்து நினைத்திருக்கிறாள். முடிவு அறிவிக்கப்படுவதற்கு முன்பே அவர் கிளம்பியிருந்தார். அந்த வாரமே நாய்களோடு நகரத்துக்குப் போய்விட்டார்.

வெற்றி அவளுக்கு அரைவயிற்றுச் சாப்பாடாக இருந்தது. மன்றத்தின் முதல் கூட்டத்தில், எப்ராயிம் தெளிந்த நிலையில் விமானத்துக்குக் காத்திருந்தான், அவன் இடம் பறிக்கப்பட்டது என்று தீர்மானம் போட்டாள். எல்லோரும் கையைத் தூக்கினார்கள். ஆனால் சொன்ன வாய் நகரத்தில் இருந்தது. அவளுக்கு அந்த வாய் வேண்டும்.

இதற்கிடையில் பள்ளியின் சூடேற்றி உடைந்தது. தண்ணீர் லாரிக்கு டயர் வேண்டியிருந்தது. அரசாங்க ஆட்களோடு தொலைபேசியில் கத்த வேண்டியிருந்தது. கத்துவதில் அவள் கெட்டிக்காரி என்பதை ஊர் கண்டுகொண்டது. அவளே அதை ஒத்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் வருடக் குளிர்காலத்தில் யூபீமியா இறந்துபோனாள். வளர்த்தவளுக்காக ஆம்ப்ரோஸ் வந்தார், பனிச்சாலை வழியாக, தனியாக. இளைத்திருந்தார். அடக்கம் முடிந்து கூடத்தில் விருந்து. வழக்கப்படி தலைவரும் மன்றத்தினரும் பரிமாறினார்கள். லவீனா மூஸ் மான் கறிச் சூப்புப் பானைக்கு முன் கரண்டியோடு நின்றாள். வரிசை நகர்ந்தது. ஆம்ப்ரோஸ் கிண்ணத்தை நீட்டினார்.

அவள் ஊற்றவில்லை. பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"லவீனா" என்றார் அவர், தாழ்ந்த குரலில். "சித்தி சாகறதுக்கு முன்னால போன் பண்ணுச்சு. அந்தப் பையன் குடிக்கலைன்னு ஊர்ல சொல்லிட்டு நீ சாவுன்னு சொல்லுச்சு."

"யாரு குடிக்கல?"

"எப்ராயிம்."

"எனக்குக் கேக்கல."

அவர் கூடத்தைப் பார்த்தார். மருமகன், பழைய ஆட்கள், குழந்தைகள், அவர் வாக்குச் சேகரித்த அத்தனை முகங்களும் அவரைப் பார்த்தன.

"எப்ராயிம் குடிக்கல" என்றார் உரக்க. "நான் பொய் சொன்னேன். அவனுக்கு இடம் இருந்துச்சு. நான்தான் குடுக்கல."

லவீனா அவரைக் கண் கொட்டாமல் பார்த்தாள். இரண்டு வருடம் காத்திருந்த முகம் அது. நன்றாக, கடைசி மடிப்புவரை பார்த்துக்கொண்டாள். பிறகு கிண்ணத்தில் ஒரு கரண்டி ஊற்றினாள். மற்றவர்களுக்கு எவ்வளவோ அவ்வளவே.

"மன்னிச்சிட்டியா?" என்று எர்னஸ்டின் பின்பக்கமிருந்து காதருகில் கேட்டாள்.

"இல்ல" என்றாள் லவீனா. "ரொட்டி தீந்துபோச்சு பாரு, உள்ள இருந்து எடுத்துட்டு வா." வரிசையில் அடுத்து நின்றவருக்குக் கரண்டியை முக்கினாள்.